ஓடாத காருக்கும் வயது ஏறும்

"கார் வந்து இரண்டு வருடம் ஆகிறது. மீற்றர் இன்னும் 6,000 ஐத் தாண்டவில்லை. இப்போது சேர்விஸ் செய்ய வேண்டுமா? செய்வதென்றால் இங்கேயே செய்யலாமா, கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?"

திருகோணமலையில் அண்மைக் காலத்தில் கார் வாங்கியவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உவர்மலையில் ஓய்வூதியம் பெறும் அரச உத்தியோகத்தர் கேட்கிறார். கிண்ணியாவில் கடை வைத்திருப்பவர் கேட்கிறார். தகப்பனாருக்குக் கார் வாங்க ரொறன்ரோவிலிருந்து பணம் அனுப்பிய மகளும் கேட்கிறார். அவர்களுக்குக் கிடைக்கும் பதில்களும் பெரும்பாலும் இரண்டுதான். "5,000 ஓடட்டும், பிறகு பார்க்கலாம்" என்பது ஒன்று. "புதுக் கார் என்றால் கொழும்புக்குக் கொண்டு போங்கள், இங்கே உள்ளவர்களுக்கு அது விளங்காது" என்பது மற்றது.

இரண்டு பதில்களும் நமது ஊருக்குப் பொருந்தாதவை என்பது என் கருத்து. துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்கள் மீற்றரைவிட நாட்காட்டியையே நம்ப வேண்டும். உத்தரவாதத்தோடு தொடர்புடைய வேலைகளை முகவரிடம் விட்டுவிட்டு, வழமையான சேர்விஸை, சில நிபந்தனைகளோடு, ஊரிலேயே செய்ய வேண்டும். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இது வசதியுள்ளவர்களின் வெட்டிக் கவலை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1 இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஓடித் தேய்ந்த கார்கள் வாங்கிய விலையைவிட அதிக விலைக்குக் கைமாறியதை நாம் கண்டோம். கதவு திறந்த பிறகும், சுங்க வரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால், ஒரு சிறிய யப்பானியக் கார்கூட நடுத்தரக் குடும்பத்துக்குப் பல ஆண்டு உழைப்பின் விலையாகிறது. வீட்டுக்கும் காணிக்கும் அடுத்ததாக ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து அதுதான். இன்னொரு முறை இறக்குமதி நிறுத்தப்படாது என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே இப்போது வைத்திருக்கும் காரை நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் அதைப் பராமரிக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. நமது நாட்டில் தனியார் கார் ஒன்றுக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் போதும். 2008 இல் ஆரம்பித்த அந்தப் பரிசோதனை, குழாயில் வெளிவரும் புகையைத்தான் அளக்கிறது. பிரேக் பிடிக்கிறதா, ஸ்ரியரிங் மூட்டுகள் ஆடுகின்றனவா, டயர் வெடித்திருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. பிரித்தானியாவில் மூன்று வயதான ஒவ்வொரு காரும் ஆண்டுதோறும் எம்ஓடி பரிசோதனைக்குப் போயாக வேண்டும். யப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு ஒவ்வொரு இரண்டு ஆண்டுக்கும் 'ஷாக்கென்' என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. நமக்கு அப்படி எதுவும் இல்லை. காரை உயர்த்தி அதன் அடிவயிற்றை ஒரு மனிதர் பார்க்கும் ஒரே சந்தர்ப்பம் நமக்குச் சேர்விஸ்தான். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இரவில் ஒரு யானை வீதிக்கு ஏறும்போது, அந்தச் சேர்விஸ் எப்போது நடந்தது என்பது உயிர்ப் பிரச்சினையாகிவிடுகிறது.

இனி, எப்போது என்ற கேள்விக்கு வருவோம்.

எந்தக் காரின் கைநூலை எடுத்துப் பார்த்தாலும் சேர்விஸுக்கு இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று தூரம், மற்றது காலம். எது முதலில் வருகிறதோ அது என்பதே விதி. நாம் முதல் அளவை மாத்திரம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். காரணம், நமக்குச் சேர்விஸ் சொல்லித் தந்தவர்கள் லொறி ஓட்டியவர்களும் வான் ஓட்டியவர்களும். நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு மீற்றர்தான் முந்தும். உவர்மலையிலிருந்து சந்தைக்கும், அங்கிருந்து கோணேசர் கோயிலுக்கும், மாலையில் உப்புவெளிக்கும் போய்வரும் காருக்கு நாட்காட்டிதான் முந்தும்.

டொயோட்டா நிறுவனம் யப்பானில் தனது சாதாரண பெற்றோல் கார்களுக்கு எஞ்சின் ஒயில் மாற்றச் சொல்லும் அளவு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓர் ஆண்டு. இதைக் கேட்டதும் பலருக்கு மகிழ்ச்சி உண்டாகும். ஆனால் அதே அட்டவணையில் பக்கத்திலேயே இன்னொரு நிரல் இருக்கிறது. கடுமையான பயன்பாட்டில் உள்ள காருக்கு இவை பாதியாகும்: 7,500 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம். கடுமையான பயன்பாடு என்றதும் நாம் பாலைவனத்தையும் மலையேற்றத்தையும் நினைக்கிறோம். அவர்கள் தரும் பட்டியலில் கரடுமுரடான, புழுதியான வீதிகளோடு, ஒரு தடவைக்கு எட்டுக் கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும் குறுந்தூர ஓட்டங்களைத் திரும்பத் திரும்ப ஓடுவதும் இருக்கிறது. திருகோணமலை நகரத்துக்குள் நாம் ஓடும் ஓட்டத்தில் எத்தனை எட்டுக் கிலோமீற்றரைத் தாண்டுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

குறுந்தூரம் எப்படிக் கடுமையாகும் என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சின் எரியும்போது நீராவி உண்டாகிறது. எஞ்சின் குளிர்ந்த நிலையில் எரியாத பெற்றோலும் சிறிதளவு கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது. நெடுந்தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடேறினால் இவை ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறும் முன்னரே நிறுத்திவிட்டால் ஒயிலிலேயே தங்கிவிடும். அடுத்த நாளும் அதுவே நடக்கும். ஆறு மாதத்தில் 2,000 கிலோமீற்றர்தான் ஓடியிருக்கும். ஆனால் ஒயில் 10,000 ஓடிய காரின் ஒயிலைவிடக் கெட்டிருக்கலாம். ஹைபிரிட் கார்களில் இந்த நிலைமை இன்னும் கூடும். நகரத்துக்குள் மின்மோட்டார் பாதி வேலையைப் பார்த்துவிடுவதால் எஞ்சின் சற்று எரிவதும் அணைவதுமாக இருக்கிறது. எரிபொருள் மிச்சம்; எஞ்சின் சூடேறுவது குறைவு.

பிரேக் திரவத்தைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்துக் குமிழி விட்டால், மிதி பஞ்சுபோல உள்ளே போகும். ஆகவேதான் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். இதற்கும் மீற்றருக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் அது ஈரம் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

கடைசியாக, நமது ஊரின் தனிச் சிறப்பு: உப்பு. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். ஆங்கிலேயரின் ஓர்ஸ் ஹில் நமது வாயில் உவர்மலையாக மாறியதும் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் நகரம். டைக் வீதியிலோ திருக்கடலூரிலோ திறந்த வெளியில் நிறுத்திய காரின் கண்ணாடியைக் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். அதே உப்புத்தான் காரின் அடிச்சட்டத்திலும், பற்றரி முனைகளிலும், மின்வயர்களின் பொருத்துகளிலும் படிகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் மழையும் கடற்சாரலும் சேர்ந்து அதை உள்ளே கொண்டு போகின்றன. கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி வந்து அதன்மேல் அமர்கிறது.

இங்கே ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கார்களில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மின்மோட்டாரே செய்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் கட்டைகள் தேய்வதே இல்லை என்று உரிமையாளர்கள் பெருமைப்படுவார்கள். தேயாத பிரேக் என்றால் அடிக்கடி பிடிக்கப்படாத பிரேக் என்றும் பொருள். தட்டில் துரு ஏறும். கட்டைகளை நகர்த்தும் ஊசிகள் உப்பில் இறுகிவிடும். அவசரத்துக்கு முழு வலிமையோடு மிதிக்கும் நாளில் ஒரு சில்லு பிடிக்கும், மற்றது பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. வருடத்துக்கு ஒரு முறை சில்லுகளைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, உரிய கிறீஸ் பூசும் ஒரு பொறுமையான மனிதர் போதும்.

டொயோட்டா அக்வாவின் பெரிய பற்றரி பின்னிருக்கையின் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று காரின் உட்புறத்திலிருந்தே, இருக்கையின் அருகிலுள்ள ஒரு சிறு வழியால் போகிறது. அந்த வழியில் கச்சான் புழுதியும் பஞ்சும் அடைத்தால் பற்றரி சூடேறும். பற்றரியின் விலையைக் கேட்டவர்கள் அந்தத் துவாரத்தைத் துப்புரவு செய்வதன் பெறுமதியை உணர்வார்கள். அந்த வழியின் முன்னால் மாம்பழப் பெட்டியை வைத்துக்கொண்டு தம்பலகாமத்திலிருந்து வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், துறைமுகப் பகுதியில் குறைவாக ஓடும் ஒரு புதிய காருக்கு என் கணக்கு இதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது கைநூலின் கடுமையான நிரலில் உள்ள தூரம், எது முந்துகிறதோ அப்போது எஞ்சின் ஒயிலும் பில்டரும். வருடத்துக்கு ஒரு முறை நான்கு சில்லுகளின் பிரேக்கையும் கழற்றிச் சுத்திகரித்தல். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிரேக் திரவம். வாடை தொடங்கும் முன்னரும் முடிந்த பின்னரும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுதல். இவற்றில் முதலாவதைத் தவிர வேறு எதையும் மீற்றர் நமக்கு நினைவூட்டாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதிகமாகச் சேர்விஸ் செய்தால் நல்லது என்று நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் குளிரூட்டித் திரவம் முதல் தடவை 160,000 கிலோமீற்றர் வரை தாங்கும்படி தயாரிக்கப்பட்டது. அதைச் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே வடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது காருக்குச் செய்யும் கெடுதி. 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினுக்கு, "அது தண்ணீர் மாதிரி இருக்குது ஐயா, நான் நல்ல தடிப்பானது போட்டு விடுறன்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவதும் அப்படியே. தேய்ந்து தளர்ந்த பழைய எஞ்சின்களுக்குத் தடித்த ஒயில் ஊற்றிப் பழகிய கை அது. அதன் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் புதிய எஞ்சின்களின் நுண்ணிய ஒயில் வழிகள் மெல்லிய ஒயிலுக்கென்றே அமைக்கப்பட்டவை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், லங்கா ஐஓசி நிறுவனத்தின் ஒயில் கலக்கும் ஆலை நமது திருகோணமலையிலேயே இருக்கிறது. பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நாடாளுமன்றம் முதல் நாளேடுகள் வரை நாம் பேசாத நாளில்லை. வீட்டுக் காருக்குள் எந்த ஒயில் போகிறது என்று போத்தலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் நமக்கு இன்னும் வரவில்லை.

அடுத்தது, எங்கே என்ற கேள்வி.

இதற்குப் பதில் சொல்வதற்கு முன், உங்கள் கார் எந்த வழியால் நாட்டுக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும். முகவர் நிறுவனத்திடம் புத்தம் புதிதாக வாங்கிய கார் என்றால் அதற்கு உத்தரவாதம் இருக்கும். அதன் நிபந்தனைகளும் இருக்கும். ஆனால் நமது வீதிகளில் ஓடும் யப்பானியக் கார்களில் மிகப் பல, அங்கே ஓரிரு ஆண்டுகள் ஓடி, ஏலத்தில் விடப்பட்டு, இங்கே வந்தவை. மூன்று வயதுக்கு உட்பட்ட கார்களையே இறக்குமதி செய்யலாம் என்ற விதி ஒரு பக்கம். யப்பானில் மூன்றாம் ஆண்டு ஷாக்கென் செலவுக்கு முன்னர் காரைக் கைமாற்றும் பழக்கம் மறுபக்கம். இரண்டும் சந்திக்கும் புள்ளியில்தான் நமது 'புதிய' கார் பிறக்கிறது. அந்தக் காருக்கு யப்பானில் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் கடல் கடந்து வருவதில்லை. இல்லாத உத்தரவாதத்தைக் காப்பாற்றுவதற்காகக் கொழும்புக்கு ஓடுவதில் பொருளில்லை.

ஓடும் தூரத்தையும் கணக்கிடுங்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். போய்வர 520. ஒவ்வொரு 5,000 கிலோமீற்றருக்கும் ஒரு முறை கொழும்புக்குப் போனால், காரின் ஆயுளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்விஸுக்குப் போய்வருவதிலேயே கழிகிறது. ஒரு நாள் லீவு, ஓர் இரவுத் தங்கல், பெற்றோல், சாப்பாடு. இவ்வளவையும் சேர்த்தால் எத்தனை பேர் உரிய நேரத்தில் போவார்கள்? "அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கலியாணம் இருக்கிறது, அப்போது கொடுக்கலாம்" என்று தள்ளிப் போடுவார்கள். கலியாணம் ஐப்பசியில் என்றால் சேர்விஸும் ஐப்பசிக்குப் போகும். தூரத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த சேர்விஸைவிட, பக்கத்தில் உரிய நேரத்தில் கிடைக்கும் ஒழுங்கான சேர்விஸ் காருக்கு நல்லது. இது என் வாதத்தின் மையம்.

உத்தரவாதம் உள்ள கார் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்கள் உத்தரவாதப் புத்தகத்தின் சிறு எழுத்தை வாசித்து, அது முடியும்வரை முகவர் சொன்னபடி நடப்பதே புத்தி. ஆனால் அந்தச் சிறு எழுத்து நியாயமானதா என்பது வேறு விடயம். அமெரிக்காவில் 1975 இல் இயற்றப்பட்ட மக்னுசன் மொஸ் உத்தரவாதச் சட்டம், வழமையான சேர்விஸைத் தங்களிடமே செய்ய வேண்டும் என்பதை உத்தரவாதத்துக்கு நிபந்தனையாக்க உற்பத்தியாளர்களைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002 இலும் 2010 இலும் கொண்டுவந்த விதிகளின்படி, உற்பத்தியாளர் குறித்த முறைப்படி சுதந்திரமான கராஜ் ஒன்று சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் போகாது. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல், கார் கம்பனிகள் தங்கள் பழுதுபார்ப்புத் தகவல்களை மற்றக் கராஜ்களுக்கும் நியாயமான விலைக்குத் தர வேண்டும். அந்த நாடுகளில் வாழும் நமது வாசகர்கள் இந்த உரிமைகளைத் தினமும் அனுபவிக்கிறார்கள், பலர் அறியாமலே. நமக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. அந்தச் சபை இந்தப் பக்கமும் கண் திறக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

"இங்கே உள்ளவர்களுக்கு விளங்காது" என்ற பேச்சு எனக்கு நெடுநாளாகக் கசக்கும் பேச்சு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் நமது மெக்கானிக்குகள். உதிரிப்பாகம் வராத காலத்தில், இல்லாத பாகத்தைக் கடைந்து எடுத்தவர்கள் அவர்கள். கிழக்கிலும் அதே கதைதான். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறக்கப்படும்வரை பாதையில் ஏற்றி இறக்கித்தான் வாகனங்கள் நகரத்துக்கு வந்தன. அக்கரையில் நின்றுபோன வண்டியை அங்கேயே திருத்தி ஓட வைத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கைகளுக்கு விளங்காதது என்று ஒன்றுமில்லை.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் கற்ற திறமை, கெட்டதைத் திருத்தும் திறமை. புதிய கார் கேட்பது கெடாமல் வைத்திருக்கும் திறமை. முன்னதற்குக் கற்பனை வேண்டும். பின்னதற்குக் கட்டுப்பாடு வேண்டும். இவ்வளவு என்று குறித்த இறுக்கத்துக்கு மேல் ஒரு போல்ட்டையும் முறுக்கக் கூடாது. இந்த இலக்க ஒயில் என்றால் அந்த இலக்கம்தான். ஹைபிரிட்டின் செம்மஞ்சள் வயரைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் நமது ஊரிலும் வந்துவிட்டார்கள். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற்றவர்கள், மத்திய கிழக்கில் பெரிய பணிமனைகளில் வேலை செய்து திரும்பியவர்கள், மொறட்டுவை இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகத்தில் படித்தவர்கள் போன்றோரைத் தேட வேண்டும். பளபளக்கும் பெயர்ப்பலகையை வைத்துத் தேடினால் அகப்பட மாட்டார்கள்.

எப்படித் தேடுவது? நான் பார்ப்பவை சில. கராஜுக்குப் போனதும் அவர் முதலில் காரின் செசி இலக்கத்தைக் கேட்கிறாரா, அல்லது "அக்வாதானே, எல்லாம் ஒண்டுதான்" என்கிறாரா? ஒயில் போத்தலை உங்கள் கண் முன்னால் திறக்கிறாரா? கழற்றிய பில்டரைக் கேளாமலே காட்டுகிறாரா? பிழை காட்டும் விளக்கு எரிந்தால், ஸ்கானரைப் பொருத்தி விளக்கை அணைத்துவிட்டு அனுப்புகிறாரா, அல்லது அந்தக் குறியீடு ஏன் வந்தது என்று தேடுகிறாரா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, "இந்த வேலை என்னால் முடியாது, இதைக் கம்பனிக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கிறதா? ஹைபிரிட் பற்றரியைத் திறப்பது, காற்றுப்பைகளைத் தொடுவது, காரின் கணினிக்கு நிரல் ஏற்றுவது ஆகியவற்றுக்கு அப்படிச் சொல்லும் மெக்கானிக்கிடம் மற்ற வேலைகளை நம்பிக் கொடுக்கலாம்.

வெள்ளம் வேறு விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மூதூர், வெருகல் பகுதிகளில் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. தண்ணீரில் நின்ற காருக்கு மீற்றரும் இல்லை, நாட்காட்டியும் இல்லை. அதை ஸ்ரார்ட் செய்து பார்ப்பதே கூடாது. இழுத்துத்தான் கொண்டு போக வேண்டும். ஹைபிரிட் என்றால் பயிற்சி பெற்றவர் வரும்வரை கையே வைக்கக் கூடாது. இனி இரண்டாம் கையாகக் கார் வாங்குவோர், இருக்கை விரிப்பின் கீழே சேற்றுத் தடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

சேர்விஸ் எங்கே செய்தாலும் எழுதி வைக்க வேண்டும். நம்மவர்களிடம் இல்லாத பழக்கம் இது. ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். திகதி, மீற்றர், என்ன ஒயில், எத்தனை லீற்றர், யார் செய்தார், பில் இலக்கம். யப்பானிலிருந்து வந்த காரின் கையுறைப் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு சேர்விஸ் புத்தகம் இருக்கும். யப்பானிய எழுத்து என்பதால் அதைத் தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். இப்போது கைத்தொலைபேசியின் கமராவைக் காட்டினால் அது ஓரளவு மொழிபெயர்த்துத் தருகிறது. முன்னைய சொந்தக்காரர் எந்த ஆண்டில் எத்தனை கிலோமீற்றரில் என்ன செய்தார் என்பது அதில் இருக்கும். மீற்றர் திருப்பப்பட்டிருந்தால் அதுவும் சில வேளை வெளிச்சத்துக்கு வரும்.

மொழி என்றதும் ஒரு கேள்வி எழுகிறது. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள் என்று அரசியலமைப்பு சொல்லும் நாட்டில், கோடி ரூபாயை எட்டும் விலைக்கு விற்கப்படும் ஒரு பொருளின் பராமரிப்பு அட்டவணையை இரண்டு மொழிகளிலும் ஒரு தாளிலாவது தர வேண்டும் என்று இறக்குமதியாளர்களைக் கேட்க முடியாதா? பனடோல் பெட்டியில்கூடத் தமிழ் தேடுகிற நாம், காரில் அதைத் தேடுவதில்லை. ஒரே ஒரு தாள் போதும்: ஒயிலின் இலக்கம், அதன் அளவு, மாற்ற வேண்டிய காலம், கடுமையான பயன்பாடு என்றால் என்ன. அந்தத் தாள் மெக்கானிக்கின் சுவரிலும் தொங்கினால், 20டபிள்யூ-50 பற்றி நான் எழுத வேண்டி வராது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிப் பெற்றோருக்குக் கார் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கார் வாங்கும் அன்று வட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. அதன் பிறகு காரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அப்பா சிக்கனக்காரர், "ஓடாத காருக்கு என்ன தம்பி சேர்விஸ்?" என்பார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறைக்கு வரும் நீங்கள் அதே காரில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் புறப்படுகிறீர்கள். பிரேக் திரவம் சோதிக்கப்படுவது அந்த மலையிறக்கத்தில்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் "சேர்விஸ் செய்தீங்களா அப்பா?" என்று கேளுங்கள். பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் காரின் விலையில் ஒரு பகுதியாகவே நினையுங்கள்.

நாம் ஊரில் செலவிடும் ஒவ்வொரு சேர்விஸ் கட்டணமும் ஓர் இளைஞனுக்கு ஸ்கானர் வாங்கவும், முறுக்களவு காட்டும் ஸ்பானர் வாங்கவும், அடுத்த பயிற்சிக்குப் போகவும் உதவுகிறது. நாம் எல்லோரும் கொழும்புக்கே போனால், இங்கே விளங்காது என்ற பேச்சு சில ஆண்டுகளில் உண்மையாகவே ஆகிவிடும். கேள்வி கேட்டு, போத்தலைத் திருப்பிப் பார்த்து, கொப்பியில் எழுதி வைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஊரில்தான் நல்ல கராஜ் உருவாகும்.

உங்கள் கார் கடைசியாக எந்தத் திகதியில் சேர்விஸ் செய்யப்பட்டது என்று, மீற்றரைப் பார்க்காமல் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், இந்த வார இறுதியிலேயே ஒரு கொப்பி வாங்கிவிடுங்கள்.